யானை வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு

வனசீவராசிகள் திணைக்களத்தில் சேர என்ன படிக்க வேண்டும் என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. ஏ.எல்.லில் உயிரியல் படித்திருந்தால் நல்லதுதான். ஆனால் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலையில் பாதிக்கு மேல் மனிதரோடு பேசியதுதான். யானையை மட்டும் தெரிந்தவர் இங்கே அரைவாசி வேலைக்குத்தான் உதவுவார்.

வெள்ளாமை விளைகிற காலத்தில் வயலில் யானை என்று நடுச்சாமத்தில் போன் அடிக்கும். எடுத்ததும் விவசாயியின் ஏச்சுத்தான். ஏசட்டும், அவருடைய வயிற்றெரிச்சல் அது. மூச்சு விடும்போது கேளுங்கள்: எந்த வட்டை (வயல்வெளி)? தனி அலியனா (கொம்பில்லாத ஆண் யானையா), குட்டியோடு கூட்டமா? எந்தப் பக்கத்தால் இறங்கியது? பரணில் ஆள் யாரும் மாட்டியிருக்கிறதா? வெடிச் சத்தத்துக்குப் பழகிப்போன அலியன் அசையாது. குட்டி வைத்திருக்கும் தாய் திருப்பித் துரத்தும். இதைக் கேளாமல் ஜீப்பில் ஏறக் கூடாது.

அங்கே போனதும் யானையைத் தேடாதீர்கள், அது திரும்பிப் போகும் வழியைத் தேடுங்கள். காட்டுப் பக்கம் பொடியன்கள் டோர்ச் அடித்துக்கொண்டு நின்றால் அது ஊருக்குள்தான் வரும். முதலில் அவர்களை விலக்குங்கள், அதிலும் குடிவெறியில் நிற்பவரை. யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடியை அதன் உடம்பில் எறிவது வேலையல்ல. காட்டை நோக்கி நகரும்படி பின்பக்கம் போட வேண்டும்.

விடிந்ததும் அதே வயலுக்குத் திரும்பிப் போங்கள். முன்னங்கால் சுவடு வட்டமாக இருக்கும், பின்னங்கால் சற்று நீளம். முன்னங்கால் சுவட்டைச் சுற்றி நூல் பிடித்து அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் வரும். நாலரை அடி என்றால் ஒன்பது அடி: வளர்ந்த ஆண். சதசதத்த சேற்றில் சுவடு விரிந்து பொய் சொல்லும், வரம்பின் ஈரமண்ணில் பதிந்ததை எடுங்கள். படம் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு பேனையை வையுங்கள். நட்டஈட்டுப் பேச்சு வரும்போது, அந்த விவசாயிக்கு உங்கள் குறிப்பும் ஒரு துணை.

சிலவேளை யானை செத்துக் கிடக்கும். பன்றிக்கு வைத்த ஹக்கபட்டாஸை, அதாவது இரைக்குள் மறைத்த வெடியை, குட்டி கடித்தால் வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகும். மிருக வைத்தியர் வரும்வரை ஒருவரையும் கிட்ட விடாதீர்கள். செல்பிக்காரர்கள் மிதித்த இடத்தில் செருப்புத் தடமும் மிஞ்சாது, டயர்த் தடமும் மிஞ்சாது. வழக்கு நடந்தால் சட்டத்தரணி உங்கள் குறிப்புப் புத்தகத்தைத்தான் குடைவார், அதனால் நேரத்தை அப்போதே எழுதுங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தூக்கம் வரவழைக்கும், ஆனாலும் வாசியுங்கள்.

சிங்களம் கட்டாயம். அம்பாறை, மகாஓயாப் பக்கத்துச் சகாக்களோடு இரவில் தொலைபேசியில் வேலை நடக்க வேண்டும். திணைக்களத்தின் பயிற்சி நிலையமும் கிரித்தலையில்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் லைசன்ஸும் நீச்சலும் இருந்தால் நல்லது.

காட்டில் அலைய முடியாதவர்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. அங்கே வாவித் தண்ணீரில் மாதிரி எடுப்பது, அரிசி ஆலைப் புகை, முறைப்பாட்டு விசாரணை என்று வேறு விதமான ஏச்சு. கண்டல் காட்டில் ஆர்வமென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் பாருங்கள்.

அரச வேலைக்கான அழைப்பு வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். ஆட்களைப் பிடித்து வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.