பக்கத்து இருக்கையில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர்: விமானத்தில் உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1971 டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த இந்தியா–பாகிஸ்தான் போரில் 20 வயதில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு இன்று வயது 75-ஐ ஒட்டி இருக்கும். 1965-ல் களத்தில் நின்றவர்கள் 80-ஐத் தாண்டிவிட்டார்கள். இவர்கள் இப்போது நிறையவே விமானம் ஏறுகிறார்கள். மகள் வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, நீலகிரி வெலிங்டனில் நடக்கும் ரெஜிமென்ட் விழாவுக்கு. டெல்லி இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பிறகு, கிரானைட் பலகைகளில் இருக்கும் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே தன் கூட்டாளியின் பெயரைத் தேடிப் பார்க்கவென்றே கிளம்புகிறவர்களும் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம்மிடம் இருக்கும்போது, சென்னை–டெல்லி விமானத்தில் அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்காருவது அபூர்வமே இல்லை.

அவருக்கு உதவ எல்லோருக்கும் மனசு வரும். சிக்கல், அவரைக் கேட்காமலே உதவி செய்வதில்தான் தொடங்குகிறது.

முதல் தவறு வீட்டிலேயே நடக்கிறது. “எனக்கெதுக்குப்பா வீல்சேர், நான் நடந்துடுவேன்” என்பார் பெரியவர். பிள்ளைகளும் சரி என்று விட்டுவிடுவார்கள். அவர் சொல்வது பொய்யில்லை, தெருமுனைக் கடைவரை தினமும் நடக்கிறவர்தான். ஆனால் பெரிய விமான நிலையத்தில் நுழைவாயிலிலிருந்து கேட் வரை போகும் தூரம் வேறு. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் 80 வயதுப் பயணி ஒருவர் குடியேற்றச் சோதனைப் பகுதியில் விழுந்து இறந்துபோனார். கணவன், மனைவி இருவருக்கும் வீல்சேர் கேட்டிருந்தும், வந்து நின்றது ஒன்றுதான். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கச் சொன்னதாகவும், அவர் மனைவியோடு நடந்தே கிளம்பிவிட்டதாகவும் விமான நிறுவனம் விளக்கம் சொன்னது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அவர் இடத்தில் எந்தப் பெரியவர் இருந்தாலும் நடந்துதான் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவியைத் தனியே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற தலைமுறை இல்லை அது.

ஆகவே குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள். தம்பதியாகப் போனால் இரண்டு வண்டி. பதிவு செய்யும்போது இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள்: அவரால் படி ஏற முடியுமா, முடியாதா? விமானம் கட்டடத்தோடு ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றால், பேருந்தில் போய் இறங்கி ஏணிப்படி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் தேய்ந்தவருக்கு அங்கேதான் உயிர் போகிற வலி வரும். படி ஏற முடியாது என்று முன்பே குறித்திருந்தால், தூக்கு வண்டியோ சாய்தளமோ ஏற்பாடு செய்வார்கள். மறுக்கிற அப்பாவிடம் “உங்களால முடியாது” என்று வாதாடாதீர்கள். “அம்மாவுக்குத் துணையா நீங்களும் உட்காருங்க” என்றால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

அடுத்தது, பாதுகாப்புச் சோதனை. போரில் குண்டுச் சில்லு பட்டவர்களில் சிலருக்கு, எடுத்தால் ஆபத்து என்று மருத்துவர்கள் உள்ளேயே விட்டுவிட்ட துண்டு இன்றும் உடம்பில் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் கருவி கத்தும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். பெரியவர் கூசிப்போய்ச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டப் பார்ப்பார். அந்த நிலைக்கு அவரை விடக் கூடாது. எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். முதலிலேயே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடம் சொல்லி, தனியறையில் சோதிக்கக் கேட்கலாம். பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே வழிதான். செயற்கைக் கால் வைத்திருப்பவர் இன்னும் படுவார். நடிகையும் நடனக் கலைஞருமான சுதா சந்திரன் ஒவ்வொரு முறையும் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021-ல் கலங்கிப் பேசிய பிறகு, அந்தப் படை மன்னிப்புக் கேட்டது. பின்னால் நிற்கிற நமக்கு ஒரே ஒரு வேலை: அவரை முறைக்காமல், அவருடைய தட்டுகளை மட்டும் பார்த்துக்கொள்வது. அதில் மெடல்கள் இருக்கலாம். 1971-ல் கிழக்கு முனையில் நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். எடுத்துக் கொடுக்கிறேன் என்று ரிப்பனைப் பிடித்துத் தூக்காதீர்கள். தட்டோடு அவர் கையில் நகர்த்தினால் போதும். மெடலையும் மாத்திரையையும் ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

கேட்டில் காத்திருக்கும்போது கவனிக்க வேண்டியது காது. பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பது சாதாரணம். இப்போது பல விமான நிலையங்களில் அறிவிப்பே ஒலிபெருக்கியில் வருவதில்லை. கேட் மாறினாலும் சில சமயம் திரையைப் பார்த்தால்தான் தெரியும். பெரியவரோ கூப்பிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பார். அவர் எதிரே போய், முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். காதருகே கத்தினால் வார்த்தை சிதறும், சுற்றி இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

டீ வாங்கிக் கொடுக்க நினைத்தால் சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த டீக்கு அவர் காசு எடுத்தால் தடுக்காதீர்கள்.

விமானத்துக்குள் நல்ல மனசோடு செய்யும் இன்னொரு பிழை, இருக்கை மாற்றிக் கொடுப்பது. கால் நீட்ட வசதி என்று அவசர வழி வரிசையில் இருக்கும் தன் இடத்தைக் கொடுப்பார்கள். பிறர் உதவி தேவைப்படுகிறவர்களை அந்த வரிசையில் உட்கார வைக்க விதி இடம் கொடுக்காது. பணிப்பெண் வந்து எழுப்பும்போது சங்கடம் அவருக்குத்தான். முன்வரிசையோ, கழிவறைக்குப் பக்கமான நடைபாதை ஓரமோ கொடுக்க விரும்பினால், முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு பணியாளரிடம் சொல்லி மாற்றுங்கள்.

பேச்சு என்று வந்தால், இதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். “எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது. “மிலிட்டரி கோட்டா இருக்கா சார்?” என்பதும் அப்படியே, ஒரு மனிதனின் 20 வருட வாழ்க்கையைக் கேன்டீன் சரக்கு பாட்டிலாகச் சுருக்குகிற பேச்சு அது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று தெரிந்ததும் போனை நீட்டி, “வீர மதராசி, அடி கொல்லு சொல்லுங்க தாத்தா, ரீல்ஸ் போடலாம்” என்பது இன்றைய வழக்கமாகி வருகிறது. அந்த முழக்கத்தோடு ஓடியவர்களில் சிலர் திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். எந்த ரெஜிமென்ட், எந்த ஊரில் ட்ரெய்னிங், சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். மற்றது அவராக விரும்பினால் வரும். சுபேதார் என்றோ ஹவில்தார் என்றோ சொன்னால் “சுபேதார் சார்” என்று கூப்பிட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வளரும்.

1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர் என்றால் கூடுதல் பக்குவம் வேண்டும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தக் காலத்தில் ஈழத் தமிழர்கள் பட்ட வலி உண்மை, அதை யாரும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன ஒரு முன்னாள் படைவீரரை மூன்று மணி நேரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விமான இருக்கை இடமில்லை.

கேப்டனிடம் சொல்லி மைக்கில் அறிவிக்க வைப்பது அழகான விஷயம்தான். கார்கிலில் பரம்வீர் சக்ரா பெற்ற சுபேதார் மேஜர் சஞ்சய் குமாரை 2022-ல் ஒரு விமானத்தில் அப்படி அறிவித்துப் பாராட்டினார்கள். எல்லோருக்கும் அது பிடிக்குமா? சிலர் எழுந்து சல்யூட் அடிப்பார்கள், சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். “சொல்லலாமா ஐயா?” என்று ஒரு வார்த்தை முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கவும், அதை வெளியே போடவும் தனித்தனியாக அனுமதி வேண்டும்.

இறங்கும்போது வீல்சேர் பயணிகளைப் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள். “வாங்க ஐயா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று நடுவழியில் எழுப்பிவிடாதீர்கள். வண்டி வரும்வரை இருக்கையில் இருப்பதே அவருக்குப் பத்திரம். மேலே இருக்கும் பையை எடுத்து மடியில் கொடுங்கள். வெளியே காத்திருக்கும் மகனுக்கு அவர் போனிலிருந்தே அழைத்து, அப்பா வர அரை மணி நேரம் ஆகலாம் என்று சொல்லச் சொல்லுங்கள். கேட்ட வண்டி வராவிட்டால் விமான நிறுவனத்தின் மேலாளரிடம் அங்கேயே எழுத்தில் புகார் கொடுக்கலாம். பதில் இல்லையென்றால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். விமான எண், தேதி, வீல்சேர் பதிவு செய்ததற்கான குறுஞ்செய்தி மூன்றும் கையில் இருக்கட்டும்.