சிங் காலச் செப்புக்காசுகளைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

சீனாவை 1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் வம்சத்தின் காசுகளைச் சேகரிக்க விரும்புபவர், பழமையும் அருமையும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சியன்லோங் பேரரசரின் (1736–1795) பெயர் தாங்கிய காசுகள் இருநூறு ஆண்டுகளைக் கடந்தவை. ஆயினும் பெருந்தொகையாக வார்க்கப்பட்டதால் அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மாறாக, 1861இல் அறிவிக்கப்பட்டு, அரண்மனை ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் சில மாதங்களிலேயே கைவிடப்பட்ட சிஷியாங் என்னும் ஆண்டுப்பெயர் (ஒரு பேரரசரின் ஆட்சிக்காலத்துக்குச் சூட்டப்படும் பெயர்) பொறித்த காசுகள் மிகமிக அரியவை.

நடுவில் சதுரத் துளையுள்ள வார்ப்புக் காசுகளின் முன்பக்கத்தில், மேலும் கீழுமாக உள்ள இரண்டு சீன எழுத்துகள் பேரரசரின் ஆண்டுப்பெயரைக் காட்டும். புதியவர்கள் அதை மட்டும் படித்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையான வேறுபாடு பின்பக்கத்தில் இருக்கிறது: துளையின் இருபுறமும் உள்ள மஞ்சு (சிங் அரச மரபினரின் மொழி) எழுத்துகளில் வலப்பக்கத்துச் சொல்தான் வழக்கமாக நாணயச்சாலையின் பெயர். ஒரே பேரரசரின் காசு, பெய்ஜிங்கின் வருவாய் அமைச்சக நாணயச்சாலையில் வார்க்கப்பட்டிருந்தால் எளிதில் கிடைப்பதாகவும், சிறிது காலமே இயங்கிய ஏதேனும் மாகாணச் சாலையில் வார்க்கப்பட்டிருந்தால் அரிதாகவும் இருக்கக்கூடும். ஆகவே, மஞ்சு மொழி தெரியாவிட்டாலும் இருபது முப்பது சாலைப் பெயர்களின் வடிவங்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது எந்தக் கைநூலையும்விட உதவும்.

செப்புக்காசு என்று பொதுவாகச் சொன்னாலும் இவற்றுள் பெரும்பாலானவை செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையே. 1760இல் யார்க்கந்தில் தொடங்கிய நாணயச்சாலையும் அதைப் பின்பற்றிய, வடமேற்கு எல்லைப்பகுதியான ஷின்ஜியாங்கின் பிற சாலைகளும் வார்த்த சிவந்த காசுகளே ஏறத்தாழத் தனிச்செம்பாலானவை. சிங் அரசுக்கு எதிராக எழுந்த தைப்பிங் கிளர்ச்சியால், தென்மேற்கு மாகாணமான யுன்னானின் செம்பு வடக்கே வருவது தடைப்பட்டபோது, ஷியன்ஃபெங் பேரரசரின் ஆட்சியில் 1853 முதல் 10, 50, 100, ஏன் 1000 காசு மதிப்பிலும்கூடப் பெரிய காசுகள் வெளியிடப்பட்டன. இவை சேகரிப்பாளர்களை மிகவும் ஈர்ப்பவை. போலிகளும் அதே அளவுக்கு மலிந்தவை. காந்தம் ஒட்டினால் போலி என்ற பொதுவிதியையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது; அந்த ஆட்சியில் இரும்புக் காசுகளும் உண்மையாகவே வெளிவந்தன.

துளையற்ற, இயந்திரத்தில் அச்சடித்த பத்துக்காசு நாணயங்களை 1900இல் குவாங்தோங் மாகாணம் தொடங்கிவைத்தது. இலாபம் கண்ட பிற மாகாணங்களும் போட்டிபோட்டு அச்சடித்தன. 1905 முதல் வந்த 'தா சிங்' (மாபெரும் சிங்) செப்பு நாணயங்களின் முன்பக்க நடுவிலுள்ள சிறு எழுத்து, மாகாணத்தைக் குறிப்பது. ஹுபெய், ஹூனான் எழுத்துகள் சாதாரணம். சிச்சுவானுக்கும் யுன்னானுக்கும் உரிய எழுத்துகள் இரண்டும் சேர்ந்து வருவது அரிது. அதனாலேயே, சாதாரண நாணயத்தின் நடு எழுத்தைச் சுரண்டி வேறெழுத்தைப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். உருப்பெருக்கியில் அந்த எழுத்தைச் சுற்றியுள்ள தளத்தையும், பின்பக்கத்து நாகத்தின் செதில்களையும் பார்க்க வேண்டும். அச்சடித்த நாணயத்தில் நுண்குமிழிகளோ விளிம்பில் இணைப்புக் கோடோ தெரிந்தால், அது அச்சிலிருந்து வராமல் வார்க்கப்பட்ட போலி என்று கருதலாம். பத்துக்காசின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர், எடை 7 கிராமுக்குச் சற்று மேல். இதிலிருந்து மிகவும் விலகினால் வாங்காமல் விடுவதே நல்லது. முதலில் சாதாரண வகைகளில் சிலவற்றை வாங்கிக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடு எளிதாகும்.

வாங்கிய காசைச் செப்புக்குடம்போலப் புளியிட்டுத் துலக்குவது அதன் மதிப்பைப் பாதியாக்கிவிடும். காலத்தால் படிந்த பழுப்பு நிறம் காசைக் காப்பது, அதைத் தொடக்கூடாது. ஆனால் வெளிர்பச்சைத் தூளாக உதிரும் களிம்பு பரவும் தன்மையுடையது, அத்தகைய காசைப் பிறவற்றிடமிருந்து உடனே பிரித்து ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். பி.வி.சி. உறைகள் செம்பை அரிப்பதால் மைலார் (பாலியெஸ்டர் படல) உறைகளே தக்கவை.

எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்பதற்கான ரசீதைக் காசோடு வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த நாணயம் தொல்பொருளாகும்; அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது என்பதால், வெளிநாட்டில் விற்றுவிடலாம் என்ற கணக்கில் இங்கே வாங்குவது வீண்.