பலட்டினோ எழுத்துருவைக் கையாளும் முறை

ஜெர்மனியின் ஹெர்மன் ஸாப்ஃப் 1948இல் வரைந்து, 1950 வாக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பல் அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்ட பலட்டினோ, 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய எழுத்தணிக் கலைஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய செரிஃப் எழுத்துரு, அதாவது கோட்டு முனைகளில் சிறு நீட்டல்கள் கொண்டது. பட்டைமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதும்போது தடிமனும் மெல்லிமையும் மாறி மாறி வருவதைப் போலவே இதன் கோடுகளும் அமைந்துள்ளன. போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் மட்டமான தாளிலும் தெளிவாகப் பதிய வேண்டும் என்பதால், கோடுகள் உறுதியாகவும் எழுத்தின் உள்வெளிகள் அகலமாகவும் வரையப்பட்டன. இதைப் பயன்படுத்துபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தப் பேனாத் தடத்தைத்தான்.

அத்தடம் நன்றாகத் தெரிவது பெரிய அளவில். ஆகவே நூலின் மேலட்டை, அழைப்பிதழ், சான்றிதழ் ஆகியவற்றின் ஆங்கிலத் தலைப்புகளுக்கு 24 பாயிண்ட்டுக்கு மேல் வைத்து, சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விடுங்கள். முழுவதும் பெரிய எழுத்துகளாலான தலைப்பில், எழுத்தளவில் 5 முதல் 8 விழுக்காடு வரை எழுத்திடைவெளியைக் கூட்டினால், நெருக்கம் தளர்ந்து ஒவ்வொரு வடிவமும் தனித்து நிற்கும். நிழல், வெளிக்கோடு போன்ற அலங்காரங்களைச் சேர்க்காதீர்கள்; பேனா செய்த வேலையை அவை மறைத்துவிடும். இடம் போதவில்லையென எழுத்தைக் குறுக்குவாட்டில் நெருக்குவது இன்னும் மோசம், ஏனெனில் செங்குத்துக் கோடுகள் மெலிய, கிடைக்கோடுகள் அப்படியே நின்று, தடிமன் விகிதமே குலைந்துபோகும். அளவைக் குறையுங்கள், அல்லது வரியை மடியுங்கள்.

தொடர் உரைக்கு இது சற்று அகலமானது. 10 பாயிண்ட் எழுத்துக்கு 14 பாயிண்ட் வரியிடைவெளியும், வரிக்கு 60 முதல் 70 எழுத்துகளும் என்று தொடங்கி, ஒரு பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் பார்த்தபின் மாற்றிக்கொள்ளலாம். பக்கங்கள் மிகுந்த நூலென்றால், ஸாப்ஃப் நூலுரைக்கெனவே 1954இல் வெளியிட்ட, இதைவிட மெல்லிய கோடுகள் கொண்ட ஆல்டஸ் எழுத்துருவைத் தேர்வது பொருத்தம். அழுத்தம் தர வேண்டிய சொற்களுக்கு உண்மையான இட்டாலிக்கையே, அதாவது சாய்வெழுத்தாகவே தனியே வரையப்பட்ட வடிவத்தையே, பயன்படுத்துங்கள். நேரெழுத்தை மென்பொருள் சாய்த்துத் தருவது இட்டாலிக் ஆகாது.

துணை எழுத்துருவாக, ஸாப்ஃப் வரைந்த ஆப்டிமா இசைவாக நிற்கும். செரிஃப் இல்லாவிட்டாலும் அதன் கோடுகளும் மெல்ல விரிந்து குறுகுபவை.

விண்டோஸ் 2000 முதல் பலட்டினோ லினோடைப் என்ற பதிப்பு கணினியோடு வருகிறது. கட்டணமின்றி வேண்டுவோர் இதே சாயலில் அமைந்த டெக் கைர் பகெல்லா எழுத்துருவை நாடலாம். பார்வைக்கு ஒத்திருக்கும் புக் ஆன்டிக்வா என்பது வேறு எழுத்துரு. தம் வடிவத்தின் நகல் அது என்று எதிர்த்து, ஸாப்ஃப் 1993இல் அனைத்துலக அச்செழுத்தியல் சங்கத்திலிருந்தே விலகினார். கோப்பைத் திறக்கும்போது எழுத்துரு இல்லையென்றால் கணினி சத்தமின்றி வேறொன்றை நிரப்பிவிடும் என்பதால், அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துரு பதிந்துள்ளதா என்று ஆவணப் பண்புகளில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.