எம்.எம்.ஏ., தொழில்முறை மல்யுத்தம்: ஒழுங்குமுறைச் சட்டம் வகுப்பதற்கான வழிகாட்டி

எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளையும் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர முனைவோர், முதலில் இரண்டையும் தனித்தனியே வரையறுக்க வேண்டும். முன்னதில் வெல்பவர் யார் என்று மணி அடிக்கும்வரை எவருக்கும் தெரியாது. பின்னதில் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். வரையறைப் பிரிவிலேயே இதைத் தெளிவாக எழுதாவிட்டால், உண்மையான சண்டையை நடத்துபவர் அதைக் கேளிக்கை நிகழ்ச்சி என்று சொல்லிக் கட்டுப்பாடுகளிலிருந்து நழுவிவிட முடியும்.

தடையே பாதுகாப்பு என்று வாதிடுவோருக்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் அனுபவத்தை எடுத்துக்காட்டலாம். 1997இல் அங்கு தொழில்முறை எம்.எம்.ஏ. போட்டிகள் தடை செய்யப்பட்டன. ஆனால் அமெச்சூர் போட்டிகள் அரசின் மேற்பார்வை இல்லாமலேயே நடந்துவந்தன. 2016இல்தான் தடை நீங்கியது. ஆகவே உங்கள் சட்ட வரைவில் அமெச்சூர் வீரர்களையும் கட்டாயம் சேருங்கள். அனுபவம் குறைந்த அவர்களுக்கே மருத்துவரின் கண்காணிப்பு அதிகம் தேவை.

விதிகளைப் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் நடைமுறைக்கு வந்து, பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட எம்.எம்.ஏ. ஒருங்கிணைந்த விதிகளை அடிப்படையாகக் கொள்ளலாம். ஐந்து நிமிடச் சுற்றுகள், இடையே ஒரு நிமிட ஓய்வு, சாம்பியன் பட்டப் போட்டிக்கு ஐந்து சுற்றுகள், மற்றவற்றுக்கு மூன்று, எடைப் பிரிவுகள், கண்ணில் குத்துதல் போன்ற தவறுகளின் பட்டியல் ஆகியவை அவற்றில் உள்ளன.

சட்டத்தின் உயிர்நாடி அதிகாரிகளை யார் நியமிக்கிறார் என்பதில் இருக்கிறது. நடுவர், புள்ளி வழங்குவோர், களமருத்துவர் ஆகியோரை ஒழுங்குமுறை ஆணையமே நியமிக்க வேண்டும். அவர்களுக்கான ஊதியத்தை ஏற்பாட்டாளர் ஆணையத்திடம் செலுத்த, ஆணையம் அவர்களுக்கு வழங்க வேண்டும். நுழைவுச்சீட்டு விற்றவரிடமே சம்பளம் வாங்கும் மருத்துவர், முக்கியப் போட்டியை நிறுத்தச் சொல்லத் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கலாகாது.

மருத்துவப் பிரிவை விரிவாக எழுதுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் உரிமத்துக்கு முன்நிபந்தனையாக இருக்கட்டும். காயமடைந்தவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அரங்கைவிட்டுப் புறப்பட்டால், மாற்று வாகனம் வரும்வரை அடுத்த போட்டி தொடங்கக்கூடாது என்பதை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். நிகழ்ச்சி நடக்கும் இரவில் நேர நெருக்கடியால் முதலில் தளர்த்தப்படுவது இத்தகைய விதியாகத்தான் இருக்கும். நாக் அவுட் ஆன வீரருக்கு விதிக்கப்படும் மருத்துவ இடைநீக்கத்தை, அதாவது குணமாகும்வரை போட்டியிடக்கூடாது என்ற தடையை, பிற ஆணையங்களும் பார்க்கும் வகையில் உடனே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிடில், மூளை அதிர்ச்சி ஆறாத ஒருவர் அடுத்த மாநிலத்தில் மீண்டும் களமிறங்கிவிடுவார். காப்பீட்டைப் பொறுத்தவரை, நியூயார்க் சட்டம் ஒவ்வொரு வீரருக்கும் குறைந்தது 50,000 டாலர் மருத்துவக் காப்பீடும், உயிருக்கு ஆபத்தான மூளைக் காயத்துக்குப் 10 லட்சம் டாலர் காப்பீடும் கோருவது நல்ல முன்மாதிரி.

சண்டைக்கு முன் கையில் துணி சுற்றும் வேளையில் ஆணையத்தின் ஆய்வாளர் அருகிலேயே நின்று பார்த்து, சுற்றி முடித்ததும் அதன்மீது கையொப்பமிடும் வழக்கத்தையும் விதியாக்குங்கள். உள்ளே கடினமான எதையும் மறைக்காமல் தடுக்க இதுவே எளிய வழி.

மல்யுத்தத்துக்கு இத்தனை கட்டுப்பாடு வேண்டியதில்லை. அது கேளிக்கையே என்று மல்யுத்த நிகழ்ச்சிகளை நடத்தும் நிறுவனத் தரப்பே எடுத்துரைத்த பின்னர், நியூஜெர்சி அதை விளையாட்டு ஒழுங்குமுறையிலிருந்து விலக்கியது. எனினும் முடிவுதான் திட்டமிட்டது. உயரத்திலிருந்து விழும் உடல் உண்மையானது. எனவே புள்ளி வழங்குவோரையும் எடைப் பிரிவுகளையும் விட்டுவிட்டு, மேடையின் பலகைகள், கயிறுகள், மூலைக் கம்பங்கள் ஆகியவற்றின் சோதனை, அரங்கில் ஒரு மருத்துவர், பார்வையாளர்களுக்கான தடுப்பு, வேண்டுமென்றே நெற்றியைக் கீறி இரத்தம் வரவழைப்பதற்குத் தடை ஆகியவற்றை மட்டும் வையுங்கள். நிகழ்ச்சிக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, குறைந்த கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளும் முறை சிறு குழுக்களுக்கும் கட்டுப்படியாகும்.