அகஸ்டஸின் வெள்ளிக்காசு: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை வட்டாரத்து ரோமானியப் புதையல்களில் இரண்டு வெள்ளிக்காசுகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஒன்று பேரரசர் டைபீரியஸ் காலத்தது. மற்றது முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு. பின்புறத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். தவறான விளக்கங்கள் அதிகம் சுற்றுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

முகப்பில் இலைமாலை சூடிய இளமுகத்தைப் பார்த்ததும், 'வாலிபத்தில் அடித்த காசு' என்று சொல்லிவிடாதீர்கள். சுற்றியுள்ள எழுத்தில் 'பாட்டர் பாட்ரியே', அதாவது நாட்டின் தந்தை என்ற பட்டம் இருக்கிறது. அது அவருக்குக் கிடைத்தது கி.மு. 2இல், அப்போது வயது 60. காசுகளில் மட்டும் அந்த மனிதர் கிழவரே ஆகவில்லை.

பின்புறத்து இருவரையும் தெய்வங்கள் என்றோ காவல் வீரர்கள் என்றோ எழுதுகிறார்கள். அவர்கள் காயஸ், லூசியஸ். மகள் ஜூலியா பெற்ற பேரன்கள். அகஸ்டஸ் தத்தெடுத்து வாரிசாக்கியவர்கள். உடுத்தியிருப்பது ரோமக் குடிமக்களின் மேலாடையான டோகா, போர்க்கவசம் அல்ல. கேடயமும் ஈட்டியும் குதிரைவீரர் வகுப்பார் அவர்களுக்கு அளித்த வெள்ளிப் பரிசுகளைக் குறிப்பவை. மேலே தெரியும் சிறு கரண்டி காயஸின் பூசாரிப் பதவிக்கு, வளைந்த கோல் நிமித்தம் பார்க்கும் லூசியஸுக்கு. 'எனக்குப் பின் இவர்கள்' என்பதுதான் செய்தி. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தார், காயஸ் கி.பி. 4இல். அரியணை டைபீரியஸுக்குப் போனது. அவர் காசும் இதே புதையல்களில் கூடவே கிடப்பது வேடிக்கைதான்.

அடித்த காலத்தையே புதைத்த காலமாகக் கொள்வது இன்னொரு பிழை. கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ தெனாரியஸின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார். அதனால் பழைய காசுக்கு மவுசு நீடித்தது. பல பத்தாண்டுகள் புழங்கியபின் மண்ணுக்குள் போயிருக்கலாம்.

முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தால் உடனே பேரரசருக்கு அவமதிப்பு என்று கதை கட்ட வேண்டாம். வெள்ளி முலாம் பூசிய செம்புக் காசுகளும் அன்று இருந்தன. உள்ளே என்ன உலோகம் என்று சோதித்த வெட்டாகவும் இருக்கலாம்.

புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கரண்டியும் கோலும்தான் முதலில் மழுங்கும். நிலத்தில் கிடைத்தால் நேரே நகைக்கடைக்கும் போகாதீர்கள்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.