பைப்பில் எந்த நிரல் தோற்றது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பாஷ் (bash) ஸ்கிரிப்ட்டில் சில நிரல்களை, ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி | குறியால் (அதுதான் பைப்) கோத்துவிட்டு, முடிவைச் சொல்லும் $? மதிப்பு 0, அதாவது வெற்றி, என்றதும் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். அந்த எண் கடைசி நிரலுக்கு மட்டுமே உரியது. டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் நிரல் பாதியில் விழுந்தாலும், வந்தவரை சுருக்கி வைத்த ஜிஸிப் 0 தான் தரும். குறைப் பேக்கப் என்பது மீட்டெடுக்க உட்காரும் நாளில்தான் தெரியும்.

அதனால் ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே 'செட் -ஓ பைப்ஃபெயில்' (set -o pipefail) போட்டுவிடுங்கள். இனி நடுவில் எது தோற்றாலும் $? அதைச் சொல்லும், பல தோற்றால், அவற்றில் வலது ஓரத்தில் உள்ளதன் எண் வரும். தனித்தனி எண்கள் வேண்டுமானால் பைப்ஸ்டேட்டஸ் (PIPESTATUS) அரேயில் இடமிருந்து வலமாக இருக்கும். அடுத்த கட்டளை, வெறும் எக்கோவானாலும், அதை அழித்துவிடும். பைப் முடிந்த மறுவரியிலேயே வேறொரு மாறியில் நகலெடுங்கள்.

127 என்றால் அந்தக் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தும் இயக்க முடியவில்லை. 141 பலரைப் பயமுறுத்தும். அது 128 + 13. 13 என்பது சிக்பைப் சிக்னல். முதல் சில வரிகளை மட்டும் காட்டும் ஹெட் (head) தனக்கு வேண்டிய 10 வரிகளோடு வெளியேறியதும், இன்னும் எழுதிக்கொண்டிருந்த நிரலை அந்த சிக்னல் நிறுத்துகிறது. பெரும்பாலும் கோளாறு இல்லை. வரிகளில் தேடும் கிரெப் (grep) தரும் 1-ம் அப்படித்தான்: பொருந்தும் வரி இல்லை, அவ்வளவே. 2 தான் பிழை. ஆனால் பைப்ஃபெயிலோடு, தோல்வி வந்ததும் நிறுத்தச் சொல்லும் 'செட் -ஈ'-யும் (set -e) இருந்தால் 141, கிரெப்பின் 1 இரண்டுமே ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும். அந்த இடங்களில் எண்ணைச் சோதித்து விலக்குக் கொடுங்கள்.

பிழைச் செய்திகள் பைப்பில் போகாமல் நேரே திரைக்கு வரும். அவற்றையும் கிரெப்பில் தேட, | குறிக்கு முன் 2>&1 சேருங்கள். பேக்கப் போன்ற தரவு ஓடும் பைப்பில் மட்டும் இதைச் செய்யவே கூடாது; செய்தி தரவோடு கலந்து கோப்பையே கெடுக்கும். அங்கே 2> போட்டுத் தனி லாக் கோப்புக்கு அனுப்புங்கள்.

கோப்பில் புதிதாகச் சேரும் வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும் 'டெயில் -எஃப்'-ஐ (tail -f) அடுத்து இரண்டு கிரெப் வைத்தால் திரை வெறுமையாக நிற்கலாம். முதல் கிரெப் பைப்பில் எழுதும்போது வரிவரியாக அனுப்பாமல் பஃபரில் சேர்த்து வைக்கிறது. அதற்கு '--லைன்-பஃபர்டு' (--line-buffered) கொடுத்தால் உடனே ஓடும்.

பைப்புக்குப் பின்னால் வரும் வைல் (while) சுற்றுக்குள் கூட்டிய மாறி, வெளியே வந்ததும் பழைய மதிப்பிலேயே நிற்கிறதா? அந்தச் சுற்று தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் நகலில், ஓடியிருக்கிறது. பைப்பை எடுத்துவிட்டு, சுற்றை முடிக்கும் டன்னுக்கு (done) பின் < <( ) கொடுத்து, அடைப்புக்குள் கட்டளையை வையுங்கள்.