ஜெர்மனியில் முன்னோரின் ஊரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேர். அவர்கள் வழிவந்தவர்கள் பூர்வீக ஊரைத் தேடும்போது பெரும்பாலும் செய்கிற முதல் தவறு, எடுத்த எடுப்பில் ஜெர்மனியின் பதிவேடுகளில் பெயரைப் போட்டுத் தேடுவது. நாடு முழுவதும் அரசே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது 1876-இல்தான். அதற்கு முந்தையதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊர் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. ஊர் தெரியாமல் 'ஜோஹான் ஷ்மிட்' என்று தேடினால் வயது ஒத்துப்போகிற யாரோ ஒருவர் கிடைக்கத்தான் செய்வார். அவரை நம் குடும்பத்தில் சேர்த்துவிட்டால், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் நகலெடுப்பார்கள். அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு.

ஊர்ப் பெயரை முதலில் அமெரிக்காவிலேயே தேட வேண்டும். 1906-க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களை ரொம்ப நம்ப வேண்டாம். பெரும்பாலானவற்றில் எந்த மன்னரின் குடிமகனாக இருந்தார் என்பதோடு சரி. என்னைக் கேட்டால், முன்னோர் குடியேறிய ஊரில் இருந்த ஜெர்மன் தேவாலயத்தின் பதிவேடுதான் முதலில் பார்க்க வேண்டியது. போதகரும் பெரும்பாலும் ஜெர்மானியரே என்பதால் ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர். அடக்கப் பதிவிலோ திருமணப் பதிவிலோ பிறந்த கிராமத்தைக் குறித்து வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நம் முன்னோர் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறு. அண்ணன், தங்கை, பக்கத்து நிலத்துக்காரர், குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்றவர் என்று எல்லோரையும் பாருங்கள். ஒரே கிராமத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அருகருகே குடியேறியது வழக்கம். இவருக்கு எழுதாத ஊர் தங்கைக்கு எழுதப்பட்டிருக்கலாம்.

அடுத்தது, நாட்டின் பெயரை நகரத்தின் பெயராக எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிறந்த இடத்துக்கான கட்டத்தில் 'ஹெஸ்ஸே டார்ம்ஸ்டாட்' என்று இருந்தால் உடனே டார்ம்ஸ்டாட் நகரத்துப் பதிவேடுகளைப் புரட்டக் கூடாது. அது ஒரு தனி நாட்டின் பெயர். மைன்ஸ், கீசன் நகரங்களும்கூட அதற்குள் அடக்கம். ஜெர்மனி ஒரே நாடாக இணைந்தது 1871-இல் என்பதால் அதற்கு முன் வந்தவர்கள் அவரவர் நாட்டின் பெயரைத்தான் சொன்னார்கள். ஹனோவரும் 1866 வரை தனி ராஜ்ஜியம். 'பாடன்' என்றால் பாடன்-பாடன் ஊர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'பிரஷ்யா' என்றதும், அந்த ராஜ்ஜியத்தின் கிழக்குப் பகுதியில் பெரும்பங்கு இன்று போலந்தில் இருப்பதால், பலர் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். மேற்கே ரைன் கரையில் இருக்கும் கொலோனும் 1815 முதல் பிரஷ்யாதான்.

'தாத்தா பிரேமன்காரர்' என்று வீட்டில் சொல்லி வந்திருந்தால், அது அவர் கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கலாம். பிரேமனின் பழைய பயணிகள் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை இருக்கின்றன, அவற்றில் ஊரும் உண்டு. ஆனால் அது கடைசியாக வசித்த ஊர், பிறந்த ஊராகவே இருக்க வேண்டியதில்லை. தென்மேற்கு ஜெர்மானியர் பலர் பிரான்சின் லே ஹாவ்ர் வழியாகப் போனதையும் மனதில் வையுங்கள்.

சரி, ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது, 'நாய்ஸ்டாட்' என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் ஊர்கள் ஏராளம். இங்கே கைகொடுப்பது 1912-13-இல் வெளியான மேயர்ஸ் ஊர் அகராதி. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் உண்டு, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒவ்வொரு ஊரும் எந்த மாநிலம், எந்த மாவட்டம், அங்கே தேவாலயம் உண்டா, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் எங்கே என்று சுருக்கக் குறிகளில் இருக்கும். இதைப் பார்க்காமல் விட்டால், சின்ன கிராமத்தில் இல்லாத பதிவேட்டைத் தேடிக்கொண்டிருப்போம். அந்த மக்களின் ஞானஸ்நானம் பக்கத்து ஊர் தேவாலயத்தில் பதிவாகியிருக்கும். ஊர்ப் பெயரும் அமெரிக்க எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதாக இருக்கலாம். B-க்கு P, D-க்கு T என்று எழுத்துகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

ஞானஸ்நானப் பதிவைக் கண்டதும் தேடல் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதே ஊரின் அடக்கப் பதிவேட்டில் அடுத்த சில ஆண்டுகளையும் பாருங்கள். குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது அங்கே சகஜம். நீங்கள் கண்டது இறந்துபோன அண்ணனின் பதிவாக இருந்தால், பிறந்த தேதியை இன்னும் சில பக்கங்கள் தள்ளித் தேட வேண்டியிருக்கும்.